கண்டாங்கிச் சேலையை இணையத்தில் விற்கத் தொடங்குவோருக்கு: வாடிக்கையாளரின் கேள்வியிலிருந்து சந்தையை அறியும் முறை

காரைக்குடியில் தறி வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களிடமிருந்து கண்டாங்கிச் சேலைகளை (செட்டிநாட்டின் கட்டம் போட்ட பருத்திச் சேலைகளை) வாங்கி, வாட்ஸ்அப் வழியாகவும் இன்ஸ்டாகிராம் வழியாகவும் விற்று வருகிறேன். தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் நாள்தோறும் யாராவது விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் விசாரித்தவர்களில் மிகச் சிலரே வாங்கினார்கள். விலைதான் காரணம் என்று நானே முடிவு செய்து, சேலைக்கு 150 ரூபாய் குறைத்தேன். விற்பனை கூடவில்லை, இருந்த லாபமும் போயிற்று. பிறகு உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைப் புதியவர்கள் அப்படியே செய்து பார்க்கும் வகையில் இங்கே எழுதுகிறேன். கொட்டான் (ஓலைக் கூடை), ஆத்தங்குடிக் கல் (பூவேலை செய்த தரைக் கல்), தேன்குழல் என எதை விற்பவருக்கும் இந்த முறை பொருந்தும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவுவதும், கடையின் பெயர், முகவரி, பொருட்பட்டியல் ஆகியவற்றை ஏற்றுவதும், யுபிஐ வழியாகப் பணம் பெறுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்விகளுக்கு ஒரு பேரேடு

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) பேரேடு என்னும் கணக்குப் புத்தகம் எழுதி, ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்குப் போட்டு, கணக்கை ஊருக்கு அனுப்பிய வழக்கம் நம் பகுதியில் எல்லோரும் அறிந்தது. வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் அவர்கள் எழுதியதைப் போல, வாங்காமல் போனவரின் கேள்விக்கும் நாம் ஒரு பேரேடு எழுத வேண்டும். ஒரு நோட்டை எடுத்து ஐந்து பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள்: நாள், கேட்டவரின் ஊர், எந்தச் சேலை, அவர் கேட்ட சொற்கள், வாங்கினாரா இல்லையா.

முதல் மாதத்துக்குக் காகித நோட்டையே பரிந்துரைக்கிறேன். கூகுள் ஷீட்ஸ் நல்ல கருவிதான்; ஆனால் தொடக்கத்திலேயே அதைத் திறந்தால் பத்திகளுக்கு நிறம் கொடுப்பதிலும் தலைப்புகளை மாற்றுவதிலும் நேரம் போய்விடும். கையால் எழுதும்போது ஒவ்வொரு வரியும் மனத்தில் நிற்கிறது.

நான்காவது பத்தியில்தான் நான் தவறினேன், ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் பழைய நோட்டின் ஒரு பக்கத்தில் "விலை கேட்டார், வாங்கவில்லை" என்ற வரி ஒன்பது முறை இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் விலையைக் குறைத்தேன். விற்பனை கூடாததைக் கண்ட பிறகு, அந்த ஒன்பது பேருடைய உரையாடல்களையும் கைப்பேசியில் தேடியெடுத்து முதலிலிருந்து படித்தேன். ஒருவர், "அக்கா, இந்த விலை ஜாக்கெட் துணியோட சேர்த்தா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "கூரியர் தனியா, இதுலயே சேர்ந்ததா?" என்று கேட்டிருந்தார். மூன்றாமவர், "இந்த விலைக்குக் கைத்தறிதானே, பவர்லூம் இல்லையே?" என்று கேட்டிருந்தார். ஒன்பது பேரில் ஒருவர்கூட விலை அதிகம் என்று சொல்லவில்லை. அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதைத்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நானோ "விலை 1,450 ரூபாய்" என்று மட்டும் பதில் அனுப்பியிருந்தேன்.

ஆகவே நான்காவது பத்தியில் உங்கள் சுருக்கத்தை எழுதாதீர்கள். வாடிக்கையாளர் எழுதிய சொற்களை, பேச்சு வழக்கில் இருந்தால் பேச்சு வழக்கிலேயே, அப்படியே படியெடுங்கள். சுருக்கி எழுதும்போது நாம் ஏற்கெனவே நம்பியிருக்கும் காரணம் அந்த வரிக்குள் புகுந்துவிடுகிறது. இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்தால் போதும்.

படி 2: ஒரே கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுதல்

ஒரு மாதம் முடிந்ததும் நோட்டைப் படித்து, ஒரே பொருளுள்ள கேள்விகளுக்கு ஒரே நிறத்தில் கோடிடுங்கள். எனக்கு ஐந்து நிறங்களே தேவைப்பட்டன: ஜாக்கெட் துணி, அனுப்பும் செலவு, கைத்தறியா என்ற ஐயம், சாயம் போகுமா என்ற அச்சம், படத்தில் உள்ள நிறம்தானா என்ற கேள்வி.

இந்த ஐந்துக்கும் வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்களை எழுதி வைத்தேன். சாய்கோடும் ஒரு குறுஞ்சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். ஆனால் அதைவிட முக்கியமானது, அந்தப் பதில்களைப் பொருட்பட்டியலில் சேலையின் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுவது. கேட்பவர் ஒருவர் என்றால், கேட்காமலே நகர்ந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் பட்டியலில்தான் இருக்க முடியும். "சேலை 5.5 மீட்டர், ஜாக்கெட் துணி இல்லை, தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவு விலையிலேயே சேர்ந்தது" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, குறைத்த 150 ரூபாயை மீண்டும் ஏற்றினேன். விசாரிப்புகள் குறைந்தன, விசாரித்தவர்களில் வாங்குபவர்கள் கூடினார்கள்.

கைத்தறியா என்ற ஐயத்துக்கு மட்டும் எழுத்தில் பதில் சொன்னால் போதாது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் நம் கையிலிருக்கும் குறிப்பிட்ட சேலை கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கு அந்தச் செய்தி மட்டும் சான்றாகாது. 2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரை துணியிலேயே இணைக்கப்பட்டிருந்தால் அதை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பலாம். நான் கூடுதலாக, அந்தச் சேலை தறியில் இருக்கும்போதே 20 நொடி காணொளி எடுத்து வைத்துக்கொள்கிறேன். கட்டமும் கரையும் தறியில் தெரிவதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

படி 3: படமும் வாடிக்கையாளர் சேவைதான்

செட்டிநாட்டில் இருந்துகொண்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சேலையை விரித்துப் படமெடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். எடுக்காதீர்கள். கல்லின் பூவேலையும் சேலையின் கட்டமும் ஒன்றோடொன்று மோதி, கட்டத்தின் அளவு கண்ணுக்குப் பிடிபடாமல் போகிறது. கல்லின் சிவப்பும் பச்சையும் பருத்தியின் மேல் நிழலாக விழுகின்றன. நான் வளவில் (வீட்டின் உள் முற்றத்தில்), காலை ஒன்பது மணிக்கு, நேர் வெயில் படாத தாழ்வாரத்தில், வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் சேலையை வைத்து எடுக்கிறேன். வேட்டி படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஏறக்குறைய உள்ளபடியே தெரியும். வேட்டி நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுவேன். அழகூட்டும் வடிகட்டிகளை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை.

படி 4: மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள்?

இங்கே பயன்படும் கருவி கூகுள் டிரெண்ட்ஸ். இலவசமானது, 2004 முதலான தேடல் போக்குகளைக் காட்டுவது, ஐந்து சொற்கள் வரை ஒரே வரைபடத்தில் ஒப்பிட உதவுவது. பணம் கட்டிப் பயன்படுத்தும் கருவிகள் தொடக்க நிலையில் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

இதில் நான் இடறிய இடத்தில் நீங்கள் இடற வேண்டாம். வரைபடத்தில் வரும் 100 என்ற எண், நூறு பேர் தேடினார்கள் என்று பொருள்படாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் அந்தச் சொல் மொத்தத் தேடல்களில் அதிகப் பங்கு பெற்றிருந்த நேரத்துக்கு 100 என்று பெயர். மற்ற நேரங்கள் அதனோடு ஒப்பிட்டுக் குறிக்கப்படுகின்றன. நான் "கண்டாங்கி சேலை" என்று ஒரு முறையும், "செட்டிநாடு காட்டன்" என்று இன்னொரு முறையும் தனித்தனியாகத் தேடி, இரண்டிலும் 100 வந்திருப்பதைப் பார்த்து, இரண்டுக்கும் ஒரே அளவு தேவை இருப்பதாக எண்ணினேன். இரண்டு சொற்களையும் ஒரே வரைபடத்தில் சேர்த்துத் தேடினால்தான் எது பெரிது என்பது தெரியும். தேடுபவர்கள் மிகக் குறைவாக உள்ள சொல்லுக்கு வரைபடமே வராமலும் போகலாம். அது கருவியின் பழுது அன்று.

தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள். இடத்தைத் தமிழ்நாடு, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் என மாற்றி மாற்றியும் பாருங்கள். அதன் பிறகு உங்கள் நோட்டின் நான்காவது பத்திக்குத் திரும்புங்கள். என் நோட்டில் வெளி மாநிலத்தார் ஒருவர்கூடக் "கண்டாங்கி" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. எல்லோரும் "செட்டிநாடு காட்டன்" என்றே கேட்டிருந்தார்கள். இப்போது தலைப்பில் இரண்டு பெயர்களையும் எழுதுகிறேன்.

அடுத்ததாக, பெரிய இணையச் சந்தைகளில் இதே வகைச் சேலைகளுக்கு வந்திருக்கும் மதிப்புரைகளைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பெரும்பாலும் காரணம் எழுதுவதில்லை, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் கோபத்தில் எழுதுகிறார். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் பிடித்ததையும் பிடிக்காததையும் நிதானமாகச் சொல்கிறார். அவற்றையும் அதே நோட்டில், அவரவர் சொற்களிலேயே எழுதுங்கள்.

படி 5: வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கேட்பது

"இப்படி ஒரு சேலை கொண்டுவந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு, பார்ப்போம்" என்பார்கள். அதைத் தேவை என்று கணக்கில் எடுத்துக்கொண்டு தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் சேலைகள் அலமாரியில் தங்கிவிடும். நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "கடைசியாகப் பருத்திச் சேலை எப்போது வாங்கினீர்கள்? எங்கே? யாருக்காக? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?" இந்த நான்கு கேள்விகளைச் சேலை கைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்கிறேன். படிவம் அனுப்பினால் பதில் குறைவாகவே வருகிறது.

பினாங்கில் இருக்கும் ஆச்சி ஒருவரிடம் "யாருக்காக?" என்று கேட்டபோது, "பிள்ளையார் நோன்புக்கு மருமகளுக்கு எடுத்தேன். ஆனா நோன்பு முடிஞ்சப்புறம்தான் சேலை வந்துச்சு" என்றார். அவர் அதுவரை குறையாகச் சொல்லவே இல்லை. திருக்கார்த்திகைக்கு அடுத்து 21 நாட்கள் கழித்து வரும் அந்த நோன்புக்குச் சேலை கடல் கடந்து போய்ச் சேர வேண்டுமானால், ஐப்பசியிலேயே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது அந்த ஓர் அழைப்பில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே நோட்டில் "எதற்காக" என்று ஆறாவது பத்தி சேர்த்தேன். நீங்கள் முதலிலிருந்தே ஆறு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

படி 6: குறை வந்தால்

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தை வழியாக விற்பவர் குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். வந்த குறையை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னதிலிருந்து மாறுபட்ட பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. வாடிக்கையாளரைப் போல நாமே மதிப்புரை எழுதுவதையும் அந்த விதிகள் தடை செய்கின்றன. 48 மணி நேரம் என்பது மிகுதியான நேரம். என் வழக்கம், அன்று மாலைக்குள் தொலைபேசியில் அழைத்துவிடுவது.

ஒரு முறை, கூரியர் நிறுவனம் ஒன்று மழையில் நனைந்த பொட்டலத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. சேலையின் கரையில் கறை. யார் தவறு என்று பேசுவதற்கு முன்பே மாற்றுச் சேலை அனுப்பினேன், பிறகுதான் நிறுவனத்திடம் முறையிட்டேன். அது முதல் ஒவ்வொரு சேலையையும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பிறகே அட்டைப்பெட்டியில் போடுகிறேன்.

பிற்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த தேவகோட்டை வாசகர் ஒருவர், வாட்ஸ்அப்பில் பெறுநர் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) உருவாக்கி எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பியதாகவும், பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை என்றும் எழுதியிருந்தார். செயலியில் பழுதில்லை. உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஆகவே முதல் சேலையை அனுப்பும்போதே, "புதிய சேலை வந்தால் செய்தி அனுப்பலாமா? விருப்பமென்றால் இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சிறு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். வேண்டாம் என்றவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அன்றே நீக்கிவிடுங்கள்.

நோட்டு எப்போது கூகுள் ஷீட்ஸுக்கு மாற வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நோட்டில் ஒரு பழைய கேள்வியைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் மாற்றிவிடலாம். அப்போதும் நான்காவது பத்தியைச் சுருக்காமல், வாடிக்கையாளர் எழுதியபடியே தட்டச்சு செய்யுங்கள்.