லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். இடி வெட்டும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். மறுநாள் பட்டனை அமுக்கினால் லேப்டாப்பில் ஓர் அசைவும் இருக்காது. மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) போச்சு என்று நாமே தீர்ப்பு சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏறிவிடுகிறோம். போனது சார்ஜர் மட்டுமாகக்கூட இருக்கலாம்.

முதலில், எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். பட்டனை அமுக்கியதும் லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை. லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் ரேம் (லேப்டாப் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகச் சில்லு) அல்லது டிஸ்பிளே பக்கம் பாருங்கள். கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றுவிட்டால் டிஸ்க் (ஃபைல்கள் சேமிக்கப்படும் பகுதி) அல்லது விண்டோஸ் கோளாறாக இருக்கும். இதில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

உயிரே இல்லை என்றால்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, சார்ஜரைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். அடாப்டரில் லைட் இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் போன் டார்ச்சை அடித்து, லேப்டாப்பில் சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் பாருங்கள். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கம் ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்றுவிடுகிறது. இந்தப் பின் எம்மாத்திரம்! உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் காய்ந்துவிடும் துடைக்கும் திரவம்) லேசாகத் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். ஊக்கு, குண்டூசி எதுவும் உள்ளே விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கிச் சோதிப்பதாக இருந்தால் ஸ்டிக்கரை வாசியுங்கள். வோல்ட் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் 19 அல்லது 19.5 இருக்கும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டைப்-சி லேப்டாப் என்றால் 45 அல்லது 65 வாட் கேட்கும். சாதாரண போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

சார்ஜர் நல்லதுதான் என்றால், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தை வடிக்க வேண்டும். சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப்பின் பழைய மாடல்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் போல பேட்டரி வெளியிலிருந்தே கழலும் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அமுக்குங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். கழலாத பேட்டரிக்கும் இதே முறைதான். சில லெனோவோ மாடல்களில் அடிப்பக்கம் சிறிய ரீசெட் துளை இருக்கும், அதில் பேப்பர் கிளிப்பை விட்டு அமுக்க வேண்டும். இடிக்குப் பிறகு கடைக்கு வரும் லேப்டாப் பல இந்த 30 விநாடியிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

டச்பேட் மேலே துருத்திக்கொண்டு நின்றாலோ, லேப்டாப் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். மழையில் நனைந்த லேப்டாப்பையும் ஆன் செய்து பார்க்க வேண்டாம். அரிசி மூட்டைக்குள் வைப்பதில் பலன் இல்லை.

லைட் எரிகிறது, திரை கறுப்பு

டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் மாட்டிப் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் இல்லையென்றால் ரேம் மேல் சந்தேகம். அதைக் கழற்றி மாட்டினாலே பலமுறை சரியாகும். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் அதைக் கடைக்காரரிடமே விடுங்கள். டெல், எச்பி லேப்டாப்கள் விளக்கைச் சிமிட்டியோ பீப் அடித்தோ கோளாறைச் சொல்லும். அதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லோகோவோடு நின்றால்

பென்டிரைவ் செருகியிருந்தால் முதலில் எடுங்கள். சரியாகவில்லையா? ஆன் செய்ததும் டெல், ஏசர், ஆசஸ் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 கீயைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். அங்கே டிஸ்க்கின் பெயரே இல்லையென்றால் டிஸ்க்கிலோ அதன் இணைப்பிலோ கோளாறு.

பெயர் இருந்தால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை நீளமாக அமுக்கி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்டப் ரிப்பேர், பிறகு கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குவது, பிறகு சேஃப் மோடு (தேவையானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறப்பது) என்று வரிசையாக முயலுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்டால் பயப்படாதீர்கள். வேறு போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த ரிப்பேர் திரையில் வரும் ரீசெட் (விண்டோஸைப் புதிதாகப் போடுவது) என்பதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

எதற்கும் அசையவில்லையென்றால் கடைதான். எந்த இடத்தில் நிற்கிறது, என்னென்ன பார்த்தீர்கள் என்பதைச் சொல்லி, எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். ஃபார்மட் என்ற பேச்சு வந்தால், முதலில் டேட்டாவை எடுத்துத் தாருங்கள், செலவு எவ்வளவு என்று சொன்ன பிறகு கை வையுங்கள் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.