நாள் முழுக்க சைக்கிள் ஓட்டும் நாட்களில் வெயிலுக்கு நான் தயாராகும் விதம்

விடுமுறை நாட்களில் ஐந்தாறு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறவன் நான். உச்சந்தலையில் முடி கொட்டிப் பல வருடம் ஆகிறது. ஒருமுறை நெடும்பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். "என்னப்பா, தலையில கோடு கோடா இருக்கு?" என்று மகள் பதறிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால், ஹெல்மெட்டின் காற்றுத் துளைகள் இருந்த இடமெல்லாம் நீளநீளமாகக் கன்றிப் போயிருந்தது. அன்று இரவு தலையணையில் தலையை வைக்க முடியவில்லை. நாலாம் நாள் தோல் உரிந்தது. இத்தனைக்கும் முகத்தில் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவைச் சொல்லும் எண்) 50 போட்ட சன்ஸ்கிரீன் கிரீமைப் பூசிக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு என் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் துணி, அப்புறம்தான் கிரீம். ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய தொப்பி, முழுக்கைச் சட்டை, கையுறை. துணிக்கும் யு.பி.எஃப். என்று இதேபோல ஓர் எண் உண்டு. யு.பி.எஃப். 50 என்று போட்ட துணி, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதும் இல்லை. அப்படிப்பட்ட துணி இல்லையென்றால், இருக்கிற சட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அது வெயிலுக்கு உதவாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் இன்னும் மோசம்.

துணி மூடாத இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். இதில் பெரும்பாலானவர்கள் தவறுவது அளவில். ட்யூபில் இருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. நாம் பூசுவதோ அதில் பாதிகூட இருக்காது. அப்படிப் பூசினால் 50 என்று எழுதியிருப்பது 50 ஆக வேலை செய்யாது. சரியாகப் பூசினால் எஸ்.பி.எஃப். 30 ஏறக்குறைய 97 சதவீத யு.வி.பி. கதிரை (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) தடுக்கும், 50 தடுப்பது 98 சதவீதம். ஆகவே பெரிய எண்ணைத் தேடி அலைவதைவிட, கைக்கு அடக்கமான விலையில் ஒன்றை வாங்கித் தாராளமாகப் பூசுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகத் தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி.க்கானது. ஆழமாக இறங்கித் தோலை முதுமையாக்கும் இன்னொரு வகையான யு.வி.ஏ.வையும் தடுக்க 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருக்க வேண்டும்.

என் கணக்கு இது: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கிரீமைப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் ஒரு விரல் அளவு பூசி, சைக்கிள் டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்து மறு விரல் அளவைப் பூசுவேன். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே இது முடிந்துவிடும். பிறகு காதுமடலின் மேல் விளிம்பு, பிடரி, முழங்காலின் பின்பக்கம். உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம். கடைசியில் புறங்கை. உள்ளங்கையில் கிரீம் பட்டால் ஹேண்டில் வழுக்கும், பிரேக் பிடிக்கவும் கஷ்டம். அதனால் ஒரு புறங்கையில் ஒரு பொட்டு வைத்து, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்கிறேன். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். அதை விட்டுவிட்டால் சாயங்காலம் வளையல் போட்டதுபோல ஒரு கறுப்பு வட்டம் நிச்சயம்.

நெற்றியில் பூசியது வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரிச்சலில் சாலையே தெரியாது. இது ஆபத்தான விஷயம். அதனால் புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு ஸ்டிக் (குச்சி வடிவில் வரும் கெட்டியான சன்ஸ்கிரீன்) போடுகிறேன். அது அவ்வளவு எளிதில் வழிவதில்லை. மாநிறத் தோலில் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். நிறம் கலந்த வகை வாங்கினால் அந்தக் குறையும் இருக்காது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்துக் கொட்டினால் அதற்கும் முன்னாலேயே. நீருக்குத் தாங்கும் என்று போட்டிருந்தாலும் அது 40 நிமிடமோ 80 நிமிடமோதான். தண்ணீர் நிரப்ப நிற்கும்போது, உப்புப் பூத்த முகத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் பூசுகிறேன். உப்பின் மேலேயே தடவினால் கிரீம் உருண்டு உருண்டு கையோடு வந்துவிடும்.

"கறுத்த தோலுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மெலனின் ஓரளவுதான் காக்கும். நம் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாததால் வெந்துபோனதே தாமதமாகத்தான் புரிகிறது. சைக்கிளில் காற்று வேறு குளுகுளுவென்று வீசி ஏமாற்றும். ஆகவே சூட்டை நம்பாதீர்கள், புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யு.வி. இண்டெக்ஸ் எண்ணைப் போனில் பாருங்கள். 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும். 8க்கு மேல் போகும் நாட்களில் நான் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். போன் கையில் இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய மேகம் பெரிதாக எதையும் தடுக்காது. மலை ஏறினால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் வெந்துபோகச் செய்யும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது எங்கே எரிகிறது என்று கவனிப்பேன். எரியும் இடம் அன்று கை படாமல் விட்ட இடம். போன வாரம் வலது காதின் பின்புறம் எரிந்தது. ஹெல்மெட் வார் உரசி உரசி அங்கே பூசியதைத் துடைத்துவிட்டிருக்கிறது. இனி தண்ணீருக்கு நிற்கும்போது முதலில் வாரைத் தளர்த்திவிட்டு அங்கேதான் பூசப்போகிறேன்.