பச்சைக் கொத்தமல்லிச் சட்னியும் எலிப்புழுவும்: வீட்டில் செய்ய வேண்டியவை

மொரீஷியஸின் ரோஸ் ஹில், காத்ர் போர்ன் போன்ற ஊர்களில் கொல்லை என்று ஒரு துண்டு நிலம் இருந்தால் அங்கே எலியும் இருக்கும், கூர்ப்பா என்னும் பெரிய நத்தையும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புழு போய்வந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் எலி நுரையீரல் புழு. 1935இல் சீனாவின் கேண்டன் நகர எலிகளில் கண்டு முதன்முதலாக விவரித்தார்கள்.

வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனியில் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எலிப் புழுக்கையோடு வெளியேறும். புழுக்கையைத் தின்னும் நத்தைக்குள் சில வாரங்களில் அது தொற்றும் பருவத்தை அடையும். நத்தையை எலி தின்றால் சுற்று முழுமையாகும். மனிதர் விழுங்கினால் புழு மூளைக்குப் போய், மேற்கொண்டு வழி தெரியாமல் அங்கேயே சாகும். அதனால் எழும் வீக்கம்தான் மூளையுறைக் காய்ச்சல். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. எலியைத் தொட்டதாலும் வராது. வாய்தான் வழி, வீட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பச்சைக் கீரை.

கூர்ப்பா கைப்பிடி அளவு இருப்பதால் யாரும் தெரியாமல் அதை விழுங்க மாட்டார்கள். (கிழக்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்த நத்தையை 1847இல் நம் தீவிலிருந்துதான் பென்சன் என்பவர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்.) ஆபத்து அதன் குஞ்சிலும், ஓடில்லாத நத்தையின் குட்டியிலும் இருக்கிறது. அரிசி மணி அளவுக்குக் கொத்தமல்லித் தண்டின் கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொத்தமல்லி, புதினா, லெட்யூஸ், ஓடையில் வளரும் கிரெசோன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முருங்கைக் கீரை போல நாம் வேகவைத்தே உண்பவற்றுக்குப் பயம் இல்லை.

கொத்தமல்லிக் கட்டை அவிழ்த்து, வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடை வெட்டி எறியுங்கள். வாடிய, அழுகிய இலைகளையும் எறியுங்கள். மிச்சத்தை வெள்ளைத் தட்டில் பரப்பி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு நான்கைந்து தண்டாக எடுத்து, ஓடும் குழாயின் கீழ் இலையின் இரு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். கட்டோடு பாத்திரத்தில் முக்கி எடுத்தால் போதாது: நத்தை இலையிலேயே ஒட்டியிருக்கும், நீரில் செத்த நத்தையிலிருந்து புழு வெளியேறி அந்த நீரிலும் கலக்கும். உப்பு நீர், வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை நம்ப வேண்டாம். மிக்ஸியில் அரைப்பதும் காப்பாற்றாது. அரைபடும் நத்தையின் உடலிலிருந்து புழு விழுதில் கலந்துவிடும்.

கட்டில் ஒரு நத்தை கண்ணில் பட்டாலும் அந்தக் கட்டைப் பச்சையாக அரைக்காதீர்கள். ரசத்திலோ பருப்பிலோ போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுச் சூடான நீரில் கழுவுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் பச்சைச் சட்னிக்குப் பதில் நன்றாக வதக்கி அரைத்த துவையலே மேல். பச்சைச் சட்னிதான் வேண்டுமென்றால், கழுவிய தழையை மைனஸ் 15 டிகிரி அல்லது அதற்குக் கீழே 24 மணி நேரம் உறையவிட்டு அரைக்கலாம், புழு செத்துவிடும். சாதாரண ஃப்ரிட்ஜின் குளிர் போதாது.

தைப்பூசக் காவடி மழைக்காலத்தின் நடுவே வருகிறது. ஏழு கறி பரிமாறக் கொல்லையில் அறுக்கும் வாழை இலையையும் குழாயடியில் இரு பக்கமும் துடைத்துக் கழுவுங்கள், முக்கியமாக நடு நரம்பின் பள்ளத்தை. ஆற்று இறாலை முழுதாக வேகவையுங்கள், புழு அதற்குள்ளும் தங்கும்.

கொல்லையில், மழை விட்ட இரவு டார்ச்சோடு போனால் நத்தை நிறையக் கிடைக்கும். கையுறை போட்டு, அல்லது இடுக்கியால் எடுங்கள். மிதித்து நசுக்காதீர்கள், உடலுக்குள் இருக்கும் புழுக்கள் மண்ணில் சிதறும். மூடியுள்ள வாளியில் ஒரு பங்கு உப்புக்கு ஏழு பங்கு நீர் கலந்து அதில் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். அந்த நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மழைநீர்த் தொட்டியையும் மூடி வையுங்கள், உள்ளே நத்தை விழுந்து சாகக் கூடாது.

எலியைக் குறைக்காமல் நத்தையை மட்டும் பொறுக்கினால் பலன் பாதிதான். உதிர்ந்த மாம்பழத்தை அன்றே அள்ளுங்கள், நாயின் சோற்றுத் தட்டை இரவில் வெளியே விடாதீர்கள் (அதைத் தேடி நத்தையும் வரும்), கட்டைவிரல் நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலையும் சிமென்டும் வைத்து அடையுங்கள்.

தவழும் குழந்தை நத்தையை வாயில் வைத்துவிட்டால் உடனே வாயைக் கழுவி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொற்றிய ஒன்று முதல் மூன்று வாரத்தில் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவதுபோன்ற எரிச்சல் வரலாம். சிறு குழந்தைக்குக் காய்ச்சலும் சோர்வும் மட்டுமே தெரியலாம். பச்சைக் கீரை சாப்பிட்டதையும் நத்தையைத் தொட்டதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதுகுத் தண்டுநீரில் ஈயோசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்க அவருக்கு அந்தச் செய்தி வேண்டும். பூச்சி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூளையில் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடும்.