கயிற்றை இழுப்பதற்கு முன்: அவுட்போர்டு படகு ஓட்டப் பழகுபவர்களுக்கு

இது ஃபைபர் படகின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன அவுட்போர்டு இன்ஜினை, 9.9 எச்.பி. மாதிரி கயிறு இழுத்துக் கிளப்புகிற வகையை, முதல் முறை தொடப் போகிறவர்களுக்காக எழுதுவது. நான் பழகியது பாக் நீரிணையில். அங்கே ஆழம் குறைவு, அடியில் கடற்புல் நிறைய. படகு கரையில் நிற்கும்போதே பத்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். நடுக்கடலில் வருகிற தொல்லையில் பெரும்பகுதி அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

1. கரையில்

முதலில் வானிலை எச்சரிக்கை. காற்று எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554, கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் போனில் பதிந்து, போனை நீர் புகாத உறையில் போடுங்கள்.

படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். நங்கூரம், கயிறு, துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, டார்ச், குடிநீர் ஆகியவை படகில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். அதைப் பலகைக்கு அடியில் திணித்து வைத்தால் பயன் இல்லை. போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அப்புறம் இன்ஜினைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள். ஓடும் அதிர்வில் இவை தளரும். ஒவ்வொரு முறையும் கையால் இறுக்குங்கள். இன்ஜினைப் படகோடு சேர்த்து ஒரு கயிற்றாலும் கட்டிவிடுங்கள்.

2. எரிபொருள்

டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் என்றால் கலவை பெரும்பாலும் 50-க்கு 1. அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். புது இன்ஜினுக்குத் தொடக்கத்தில் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும், கையேட்டில் பாருங்கள். பைக் ஆயிலை ஊற்றாதீர்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று அச்சிட்டிருக்கும் படகு ஆயில்தான் வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கவே கூடாது, ஆயில் அளவை மட்டும் பார்த்தால் போதும்.

டேங்கை மணலில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகுக்குள் சிந்தினால் அடித்தளத்தில் போய்த் தங்கும், ஒரு தீப்பொறி போதும். எவ்வளவு நிரப்புவது? போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு.

டேங்க் மூடியின் மேல் சின்னக் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறக்க மறந்து ஒருமுறை கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது, பிறகு மூச்சுத் திணறுவது போல இழுத்து இழுத்து நின்றது. எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழைப் பார்த்தால் சப்பிய மாங்கொட்டை மாதிரி ஒட்டிப் போயிருந்தது. காற்று உள்ளே போக வழியில்லாமல் டேங்க் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. திருகைத் திறந்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நீரோட்டம் படகை, கடலில் கம்பு நட்டுக் கட்டியிருக்கும் பட்டி வலைகள் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

3. நிறுத்துக் கயிறு

சிவப்பாகச் சுருள் சுருளாக இருக்கும். ஒரு முனை இன்ஜினின் நிறுத்துப் பொத்தானில், மறுமுனை உங்கள் மணிக்கட்டில் அல்லது லைஃப் ஜாக்கெட்டில். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். மாட்டாமல் விழுந்தால் கைப்பிடி தானாகத் திரும்பி, படகு வட்டமடித்து உங்கள் மேலேயே ஏற வரும். இன்ஜினின் அடியில் சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

4. ஸ்டார்ட்

இன்ஜினைத் தண்ணீரில் இறக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ரப்பர் குமிழை, அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து, கெட்டியாகும் வரை அழுத்துங்கள். ஆறிய இன்ஜின் என்றால் சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துக் கிளப்ப உதவும் குமிழை, இழுங்கள். உங்கள் முழங்கைக்குப் பின்னால் யாரும் இல்லையே? கயிற்றை மெதுவாக இழுத்து, பிடிப்புத் தட்டிய இடத்திலிருந்து ஓங்கி இழுங்கள்.

ஓடத் தொடங்கியதும் பார்வை நேராக இன்ஜினின் பின்னால் போக வேண்டும். அங்கே ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கடல் நீர்தான் இன்ஜினைக் குளிரவைக்கிறது. சில நொடிகளில் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் கடற்புல்லோ பிளாஸ்டிக் தாளோ உறிஞ்சும் இடத்தை மூடியிருக்கும். வெளியேறும் துளையில் மணல் அடைத்திருந்தால் தூண்டில் நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் வழிவிடும்.

கரையை விடும் முன் நிறுத்துக் கயிற்றை ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இன்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பழுது பார்த்த பிறகுதான் பயணம்.

5. ஓட்டும்போது

விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது. வேகத்தைக் குறைத்துத்தான் திருப்ப வேண்டும். எதிரே படகு நேராக வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்குவது விதி. குறுக்கே உங்கள் வலப்புறத்திலிருந்து வருகிற படகுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாகப் போங்கள், தேவைப்பட்டால் இன்ஜினை அணைத்துத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுங்கள். விசிறி அறுத்துப்போடும் கடற்புல், கடற்பசு என்கிற ஆவுளியாவின் சாப்பாடு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் அதற்காகவே 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தண்ணீரில் இருக்கும் ஆளை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, இன்ஜினை அணையுங்கள்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் இன்ஜினை ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். நிறுத்துக் கயிற்றை இன்ஜினிலேயே விட்டுவிடாமல், வண்டிச் சாவி மாதிரி கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். கரையில் பிள்ளைகள் படகில் ஏறி விளையாடுவார்கள்.