டி.சி. கேட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள்: துறைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், குறிப்பாகக் கணிதம், இயற்பியல் துறைகளில், முதலாம் ஆண்டில் நிறைந்திருக்கும் வகுப்பு மூன்றாம் ஆண்டுக்குள் மெலிந்துபோவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். "ஆர்வம் இல்லாத பசங்க" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர்களில் பலரைத் துறையே தக்கவைத்திருக்க முடியும்.

பெரிய தவறு, வருகைக் குறைவுப் பட்டியல் வரும்வரை சும்மா இருப்பது. 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்களின் பெயர் பருவ முடிவில் நோட்டீஸ் போர்டில் ஏறும்போது, அந்தப் பையன் ஜவுளிக்கடையிலோ கேட்டரிங்கிலோ முழுநேர வேலைக்கே போயிருப்பான். தொடர்ந்து மூன்று நாள் வராத மாணவரை அன்றைக்கே போனில் விசாரியுங்கள். அதட்ட வேண்டாம், "உடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டாலே விஷயம் வெளியே வரும். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதையும் விட்டுவிடலாம். தினக்கூலிக்குப் போகும் அப்பாவுக்கு அது ஒருநாள் சம்பளம். அதைக் கேட்க மனமில்லாமலே மறுநாளும் வராமல் போகிறவர்கள் உண்டு.

அடுத்தது முதலாம் ஆண்டு வகுப்பறை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவருக்கு உந்தமும் முடுக்கமும் நன்றாகத் தெரியும். முதல் நாளே எல்லாம் ஆங்கிலத்தில் ஓடினால், தெரிந்த பாடமே தெரியாததாகிவிடுகிறது, தனக்குத்தான் மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். முதல் சில வாரங்கள் இரண்டு மொழியிலும் சொல்லுங்கள். துறையின் மிகச் சிறந்த ஆசிரியரை எம்.எஸ்சி.க்கு மட்டும் ஒதுக்காமல் முதலாம் ஆண்டுக்கும் அனுப்புங்கள். என் கணிப்பில் இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை.

முதல் பருவத்தில் அரியர் விழுந்தால் அது மாணவர் பாடு என்று விட்டுவிடுவதும் தவறுதான். அந்தத் தாளைத் தேறிய சீனியர் ஒருவரை வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தால் ஊருக்குப் போகும் டவுன் பஸ் போய்விடும், மதிய இடைவேளைதான் சரி.

தன் பொறுப்பிலுள்ள மாணவர்களைப் பற்றி ஆசிரியர் எழுதிவைக்கும் மென்டர் நோட்டை, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முன் ஒரே மூச்சில் நிரப்புவதால் யாருக்கும் பயனில்லை. துறை மன்ற விழாவில் மாணவர்களைக் கைதட்ட மட்டும் உட்கார வைப்பதும் அப்படித்தான்.

பண விஷயத்தை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் தொகை நின்றால், யாரிடம் கேட்பது என்றே பலருக்குத் தெரியாது. தேர்வுக் கட்டணம் கட்டாதவர்கள் யார் என்பதைக் கடைசித் தேதிக்கு முன்பே பாருங்கள்.

அப்புறம், ஏற்கெனவே நின்றவர்கள். டி.சி. வாங்காதவர்கள் மறுசேர்க்கை பெற வாய்ப்பு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு, அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கும் முன்பே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.