தேடுபொறியில் நூலகர் தேடும் முறை: தொடக்கநிலையாளருக்குப் படிப்படியாக

நாம் அடிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டு தேடுபொறி அந்த நொடியில் இணையம் முழுவதும் ஓடுவதில்லை. முன்பே பார்த்துவைத்த பக்கங்களுக்கு அது ஒரு சொல்லடைவு போட்டு வைத்திருக்கிறது. தேடல் நடப்பது அதற்குள்தான். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவில் 'கிணறு' என்று இருக்க, நீங்கள் 'கேணி' என்று பார்த்தால் பக்க எண் கிடைக்காது. இன்றைய தேடுபொறிகள் இணைச்சொற்களை ஓரளவு ஊகிக்கும். துறைச்சொற்களில் அந்த ஊகம் அடிக்கடி சறுக்கும். ஆகவே முதல் வேலை, விடை எழுதியவர் எந்தச் சொல்லைப் புழங்கியிருப்பார் என்று கண்டுபிடிப்பது.

ஒரே கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோவோம்: பழைய புத்தகத்தின் தாள் ஏன் மஞ்சளாகி நொறுங்குகிறது, அதைத் தடுக்க முடியுமா?

படி 1: கேள்வியை உடையுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி (நெடுவரிசை) போடுங்கள். முதலில் பொருள்: தாள், காகிதம், புத்தகம். அடுத்து நிகழ்வு: மஞ்சளாதல், பழுப்பேறுதல், நொறுங்குதல். மூன்றாவது தேவை: காரணம், தடுப்பு. 'ஏன்', 'எப்படி', 'முடியுமா' ஆகியவற்றை விட்டுவிடுங்கள். காரணமும் தடுப்பும் இரண்டு கேள்விகள், தனித்தனியாகத் தேடுங்கள். சேர்த்துத் தேடினால் இரண்டையும் மேலோட்டமாகத் தொட்டுச்செல்லும் பக்கங்களே முன்னால் வரும்.

படி 2: துறைச்சொல்லைப் பிடியுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. முதல் தேடலில் விடையை எதிர்பார்க்காதீர்கள். ஐந்து பக்கங்களைத் திறந்து, உங்களுக்குப் பழக்கமில்லாமல் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு லிக்னின், அமிலத்தன்மை, அமில நீக்கம் ஆகியவை கிடைக்கும். மரக்கூழில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. மை பரவாமல் இருக்கத் தாளில் சேர்த்த படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் அமிலத்தன்மையை உண்டாக்க, அது செல்லுலோஸ் இழைகளை அறுத்துத் தாளை நொறுங்க வைக்கிறது. மஞ்சளாவதற்கு ஒரு காரணம், நொறுங்குவதற்கு வேறொன்று! சொற்கள் கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பிரிவே கண்ணுக்குத் தெரிகிறது.

சொல் பிடிக்க இன்னும் இரண்டு வழிகள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஆங்கிலத்துக்கு மாறினால் அங்குள்ள தலைப்பே பெரும்பாலும் துறைச்சொல்லாக இருக்கும். மற்றது நூலகப் பட்டியல். பொருத்தமான ஒரே ஒரு நூலைக் கண்டுபிடித்து, அதன் பதிவில் உள்ள 'பொருள் தலைப்பு' இணைப்பைச் சொடுக்குங்கள். நூல்களின் பெயர்கள் எப்படி இருந்தாலும், ஒரே பொருளைப் பற்றியவற்றை நூலகர்கள் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்திருப்பார்கள். எந்தத் தேடுபொறியின் ஊகத்தையும்விட மனிதர் படித்துப் போட்ட இந்தத் தலைப்பு நம்பகமானது.

தமிழில் தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள்: லிக்னின், இலிக்னின். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய பிடிஎஃப் கோப்புகள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்குக் குழப்பமான குறிகள்தாம். ஆகவே தமிழில் ஒன்றும் வரவில்லை என்பதால் ஒன்றும் எழுதப்படவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 3: குறிகளால் வடிகட்டுங்கள்

இரட்டை மேற்கோளுக்குள் போட்ட தொடர் அதே வரிசையில் தேடப்படும். இரண்டு, மூன்று சொற்களுக்கு மேல் போடாதீர்கள். நீண்ட வாக்கியத்தைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி: குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது. அந்தச் சொல் ஒரே ஒரு முறை வந்த நல்ல பக்கமும் இதில் அடிபட்டுப்போகும் என்பதால் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, சைட் (site) என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, ஒட்டியே முகவரியை எழுதுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதுதான் வழக்கமான தவறு. விட்டால் கட்டளை வேலை செய்யாது. பிடிஎஃப் மட்டும் வேண்டுமென்றால் ஃபைல்டைப் (filetype) கட்டளையை இதே முறையில் போடுங்கள். இரண்டு சொற்களில் ஏதோ ஒன்று போதும் என்றால் நடுவே 'ஆர்' (OR), ஆங்கிலப் பெரிய எழுத்தில். இன்னொன்று: கூகுள் ஒரு தேடலில் முதல் 32 சொற்களுக்குப் பின்னால் உள்ளதைக் கணக்கில் எடுக்காது.

படி 4: வேறு கதவுகளைத் தட்டுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளுக்கு 2004-இல் தொடங்கிய கூகுள் ஸ்காலர். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால், அதன் கீழே அதை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளுக்கான இணைப்பு இருக்கும். பழைய கட்டுரையிலிருந்து புதியவற்றுக்கு அப்படியே நகரலாம். எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பில் சில வேளை இலவசப் பிரதி கிடைக்கும். எந்த நூலகத்தில் எந்த நூல் இருக்கிறது என்று பார்க்க, பல நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட். நூலுக்குரிய தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தெரிந்து தேடுவது எளிது. 2007-க்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம், பின்னர் 13.

தரநிலைகளை எண்ணாலேயே தேடுங்கள். நீடித்து உழைக்கும் தாளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 9706 என்று அடித்தால், குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பு (அமிலத்தை முறிக்கும் பொருள்) தாளில் இருக்க வேண்டும் என்ற விதி நேராகக் கைக்கு வரும்.

படி 5: சரிபாருங்கள்

விளம்பரம் என்று குறித்தவற்றைத் தாண்டுங்கள். மேலே தானாக எழுதிவரும் சுருக்கத்தை விடையாக எடுக்க வேண்டாம். அது சுட்டும் பக்கத்தைத் திறந்து, அந்தக் கூற்று உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு, அவர் எதையாவது விற்கிறாரா? அமில நீக்கத் தெளிப்பானை விற்பவர் அதன் வரம்புகளை முதலில் சொல்லமாட்டார். பக்கம் அழிந்துவிட்டதா? பழைய பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியை ஒட்டிப் பாருங்கள்.

படி 6: குறித்து வையுங்கள்

தேதி, தேடிய கருவி, அடித்த சொற்கள் அப்படியே, கிடைத்த நல்ல பக்கத்தின் முகவரி: நான்கு பத்திகள் போதும். மூன்று கருவிகளில் அதே பக்கங்களே சுற்றிச் சுற்றி வந்தால் தேடலை நிறுத்தலாம். எதுவுமே சிக்கவில்லை என்றால் படி 2-க்குத் திரும்பி வேறு சொல் பிடியுங்கள். அப்போதும் வழி தெரியாவிட்டால், இந்தக் குறிப்போடு ஒரு நூலகரிடம் போங்கள். எங்கே தேடவில்லை என்பதை அவர் அதிலிருந்தே கண்டுகொள்வார்.