மறதி நோயுள்ள தந்தை குளியல் வேளையில் அடித்தால்: படிப்படியாக ஒரு வழி

சேரன்மாதேவியில் என் தந்தையை ஐந்து ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். அவருக்கு அல்சைமர் நோய். அவர் அடிக்கத் தொடங்கியது குளியல் வேளையில் என்பதால், அதை முன்வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: மருத்துவரிடம் செல்லுங்கள்

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் மூர்க்கமானால், மறதி நோய் முற்றிவிட்டது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, உடலில் நீரோ சோடியமோ குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். சளிக்காக நாமே கடையில் வாங்கும் சில மாத்திரைகள்கூட முதியவர்களின் குழப்பத்தை அதிகப்படுத்தும். எங்கே வலிக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியாமல் போவதால், இவற்றை நாம்தான் தேட வேண்டும்.

படி 2: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு முறையும் மணி, இடம், அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் நடந்தவை ஆகிய மூன்றையும் குறியுங்கள். செல்பேசிச் செயலிகளைவிட அடுக்களைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே இதற்குச் சிறந்தது என்பேன். வீட்டில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். மூன்று வாரம் எழுதிய பிறகுதான், பதினொரு நிகழ்ச்சிகளில் எட்டு குளியலறையில் நடந்திருப்பதைக் கண்டேன்.

படி 3: குளியல்

நான் பல மாதங்கள் தவறிய இடம் இதுதான். அவசரத்தில், அவரை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். "ஏல, என்னைய முக்கிக் கொல்லப் பாக்கியா?" என்று அலறியபடி அவர் வீசிய முழங்கை என் உதட்டைக் கிழித்தது. அன்று எனக்கு வந்தது கோபம். பிறகு யோசித்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தலையில் தண்ணீரைக் கொட்டினால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று புரிந்தது.

என் தந்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாமிரபரணியில் குளித்தவர். படித்துறையில் இறங்குகிறவருக்கு முதலில் பாதம் நனையும், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. தலை நனைவது கடைசியில், அதுவும் அவராக முங்கும்போது. அந்த வரிசையையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இருட்டான குளியலறையை விட்டு, வெயில் ஏறிய பின் புறவாசலில் துவைகல் அருகே நாற்காலியைப் போட்டேன். "யப்பா, குளிப்பமா?" என்று எதிரே நின்று சொல்லி, செம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். வெதுவெதுப்பான நீரை அவரே பாதத்தில் ஊற்றிக்கொள்வார். முதுகை மட்டும் நான் தேய்ப்பேன். தோளில் ஒரு துவர்த்தை (துண்டை)ப் போர்த்தியபடியே குளிப்பாட்டலாம். கூச்சமும் குளிரும் குறையும். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவர் மறுத்தால் விட்டுவிட்டு, வேறொரு நாள் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கருவிகளைப் பொறுத்தவரை, கைப்பிடி உள்ள கனமான நாற்காலியை வாங்குங்கள், முக்காலி வேண்டாம். ஷவரை நான் பரிந்துரைப்பதில்லை, அதன் ஓசையும் எங்கிருந்தோ விழும் நீரும் அவரை மிரளவைத்தன. குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

படி 4: அடிக்க வரும்போது

கையைப் பிடித்து அடக்காதீர்கள். பிடி இறுக இறுக அச்சம் கூடும். கைக்கு எட்டாத தூரத்துக்கு விலகி, வாசலை மறைக்காமல் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் பேசுங்கள். "நீங்கள் நினைப்பது தவறு" என்று வாதிடுவதால் பயனில்லை. பத்து நிமிடம் தார்சாவில் (வீட்டின் முன்கட்டில்) காத்திருந்து, புதிதாக வந்தவரைப்போல மறுபடி செல்லுங்கள். அரிவாள்மணையும் கத்தியும் எப்போதும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கட்டுப்படுத்த முடியாமல் போனால் வெளியே வந்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை குறித்து

அமைதிப்படுத்தும் மாத்திரையை யார் சொல்லியும் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அமைதிப்படுத்தத் தரப்படும் மனச்சிதைவு மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது; லூயி பாடி வகை மறதி நோயில் இவற்றுள் சில உடலைக் கடுமையாக இறுக்கிவிடும். ஆபத்து மிகுந்த நிலையில் மருத்துவர் குறைந்த அளவில் தரக்கூடும்; எப்போது நிறுத்துவது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். முதியோர் உதவிக்கு 14567, கவனிப்பவரின் மனநல உதவிக்கு 14416 ஆகிய எண்களை நாள்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த அம்பாசமுத்திரத்துப் பெண்மணி ஒருவர், தம் தாயார் சேலையைத் தொட்டாலே அறைகிறார் என்று எழுதியிருந்தார். நான் ஆண் என்பதால் இது எனக்குத் தோன்றவே இல்லை. என் அக்காவிடம் கேட்டேன். படித்துறையில் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டித்தானே குளிப்பார்கள், அப்படியே கட்டிவிடச் சொல் என்றாள். பாவாடையை முதலில் தலைவழியாகப் போட்டு முடிச்சிட்டுவிட்டு, அதன் பிறகு சேலையை உள்ளிருந்து உருவ வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் எழுதினார்: முடிச்சைத் தாயாரே போட்டுக்கொள்கிறாராம்.